வாட்ச் காட்டுற சுகரை நம்பலாமா?

எந்த இன்ஜினியரிங் காலேஜோட ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்தாலும் அதுல இது ஒண்ணு இருக்கும்: ஊசி குத்தாம, விரல்ல வெளிச்சம் அடிச்சு சர்க்கரை அளவைச் சொல்ற கருவி. ஆன்லைன்லயும் ரெண்டாயிரம் ரூபாய் வாட்ச் ஒண்ணு "சுகர் பார்க்கும்"னு விளம்பரம் வருது. "அப்பாவுக்கு ஒண்ணு வாங்கட்டுமா?"ன்னு வீட்டுல நம்மகிட்டதான் கேட்கிறாங்க. என் பதில்: வேண்டாம்.

காரணம் எளிமையானது. நாடித் துடிப்பை வெளிச்சம் வச்சு அளக்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அளவு மாறும், அது சென்சாருக்குத் தெளிவாத் தெரியும். குளுக்கோஸ் தர்ற சிக்னல் ரொம்பச் சின்னது. வியர்வை, தோல் நிறம், வெப்பம், உடம்புல இருக்கிற தண்ணி எல்லாம் அதை மூழ்கடிச்சுடும். 2024 பிப்ரவரியில அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. எச்சரிச்சதும் இதைத்தான்: தோலைத் துளைக்காம தானாவே சர்க்கரையை அளக்கிற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் நாங்க அனுமதி கொடுக்கலைன்னு. தப்பான நம்பரை நம்பி இன்சுலின் போட்டா உயிருக்கே ஆபத்து.

அப்போ நிஜமான வேரபிள் எது? கையோட மேல்பக்கம் ஒட்டிக்கிற சி.ஜி.எம். சென்சார். மெல்லிசான இழை ஒண்ணு தோலுக்கடியில போய், செல்களைச் சுத்தி இருக்கிற நீர்ல குளுக்கோஸை அளக்கும். அளக்கிறது ரத்தத்தை இல்ல. அதனால சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். இந்தியாவுல பலர் போடுற லிப்ரே மாதிரி சென்சார் 14 நாள் வரும். விலை ஆயிரக்கணக்குல. மாசத்துக்கு ரெண்டு வாங்கணும்னா நம்ம ராமநாதபுரம் பக்கம் எத்தனை வீட்டுல முடியும்?

இன்சுலின் போடுறவங்களுக்கு, முக்கியமா டைப் 1 இருக்கிற பிள்ளைகளுக்கு, அது தொடர்ந்து கிடைக்கணும். அதுல பேரம் பேசக்கூடாது. ஆனா மாத்திரையில சமாளிக்கிற பெரும்பாலானவங்களுக்கு, டாக்டரைக் கேட்டுட்டு ஒரு தடவை 14 நாள் போட்டுப் பார்த்தாலே நிறையக் கத்துக்கலாம். அப்புறம் க்ளூகோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் போதும்.

என்ன கத்துக்கலாம்? மதியம் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டதும் கோடு எப்படி மேலே போகுதுன்னு பார்க்கலாம். ஏத்துறது மீன் இல்ல, குவிச்சு வச்ச சோறு. அதே சாப்பாட்டுல முதல்ல காயும் மீனும், கடைசியில அளவாச் சோறுன்னு மாத்தி, பத்து நிமிஷம் நடந்தா ஏத்தம் குறையும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஊறிப்போன நம்பிக்கை: "கருப்பட்டி போட்டா சுகர் ஏறாது." ஏறும். கருப்பட்டியிலயும் பதநீர்லயும் இருக்கிறது பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சீனியில இருக்கிற அதே பொருள். பேரன் சொன்னா தாத்தா கேட்க மாட்டார். சென்சார்ல கோடு ஏறுறதைக் கண்ணால பார்த்தா கேட்பார்.

ஆனா இந்தக் கருவியெல்லாம் ஏ.சி. ரூம் மனுஷனை நினைச்சுச் செஞ்சது. லிப்ரே சென்சார் ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் வரைதான் தண்ணி தாங்கும்னு கம்பெனியே சொல்லுது. பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிற அக்காமார் மணிக்கணக்கா முங்கி எழுறாங்க. விசைப்படகுல போறவர் ராத்திரி முழுக்க வலை இழுக்கிறார்; அவர் போன் பாலித்தீன் கவர்ல எங்கேயோ கிடக்கும். சுகர் இறங்கினா அலாரம் அடிக்க நெட் தேவையில்ல, புளூடூத் போதும். ஆனா இன்ஜின் சத்தத்துல அது யாருக்குக் கேட்கும்? வீட்டுக்குத் தகவல் போகணும்னா டவர் வேணும்.

நம்ம புராஜெக்ட் இங்கதான் இருக்குன்னு நான் சொல்றேன். அலாரத்தை வாங்கி இடுப்புல பலமா அதிர்ற ஒரு பெல்ட். உப்புத்தண்ணி தாங்குற சென்சார் உறை. இன்சுலின் பெட்டிக்கு ஒரு தெர்மிஸ்டரும் பஸ்ஸரும். மீனுக்குப் போட்ட ஐஸ் மேலேயே இன்சுலினை வச்சா உறைஞ்சு கெட்டுடும், வெயில்ல வச்சாலும் கெட்டுடும், ரெண்டுக்கும் எச்சரிக்கணும். க்ளூகோமீட்டர் நம்பரை வாயால சொன்னா பதிஞ்சு வைக்கிற தமிழ் ஆப். சில நூறு ரூபாய் பார்ட்ஸ்ல தொடங்கக்கூடிய வேலைதான் பலதும். ஆனா படகுக்காரர் கையில கொடுத்துச் சோதிக்கணும், டாக்டர் ஒருத்தர் கூட இருக்கணும்.

ஐ.சி.எம்.ஆர். ஆதரவுல நடந்து 2023-ல வெளியான ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோய் உள்ளவங்க சுமார் 10.1 கோடி பேர். தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. அதே வழியில, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் சில சென்சாரை வச்சு, தேவைப்படுறவங்களுக்கு 14 நாள் போட்டு, அந்தக் கோட்டைப் படிச்சுச் சொல்லவும் ஆள் வைக்கலாம். அரசு செய்யக்கூடிய வேலைதான்.

அதுவரைக்கும் வீட்டுல யாராவது வாட்ச் கேட்டா, அந்தக் காசுக்கு ஒரு க்ளூகோமீட்டரும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் வாங்கிக் கொடுங்க. கடலுக்குப் போறவர்னா பையில குளுக்கோஸ் பொடியும் போட்டு விடுங்க.