பேக்கப் இருக்கு சரி, பொட்டி எங்கே?

"எங்க ஆபீஸ்ல தினமும் ராத்திரி பேக்கப் ஓடுதுப்பா, எனக்கென்ன கவலை"ன்னு போன வாரம் நண்பர் ஒருத்தர் ரொம்பத் தெம்பா சொன்னார். 2015 நவம்பர் வரைக்கும் அடியேனும் இதே வசனத்தைப் பேசித் திரிஞ்சவன்தான். அதான் இந்தப் புலம்பல்.

ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. அறுபது பேருக்கு வேலை. அங்க விண்டோஸ் 2008 ஆர்2 சர்வர் வெச்சு, முழு இமேஜ் பேக்கப் செட் பண்ணிக் குடுத்தவன் நான். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி அடையாறு உள்ள வந்துடுச்சு. தரைத்தளத்துல இருந்த சர்வர் முழுகிப் போச்சு. பேக்கப் டிஸ்க் மட்டும் முதலாளி வீட்டு மாடியில பத்திரமா இருந்தது. "டிஸ்க் இருக்குல்ல சார், அரை நாள் வேலை"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

அஞ்சு வருஷப் பழைய மாடலுக்கு எங்க போறது? ரிச்சி தெருவுல கிடைச்ச வேற கம்பெனி சர்வரை வாங்கி, கரண்ட் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுல வெச்சு ரீஸ்டோர் போட்டோம். நாலு மணி நேரம் ஓடி, வெற்றிகரமா முடிஞ்சதுன்னு காட்டுச்சு. ரீபூட் பண்ணினா நீலத் திரை. ஸ்டாப் 7பி. மறுபடி முதல்லேர்ந்து போட்டேன். மறுபடி அதே நீலம்.

விஷயம் இதுதான். பூட் ஆகும்போது டிஸ்க்கைப் படிக்க கன்ட்ரோலர் டிரைவர் வேணும். இமேஜ்ல இருந்தது பழைய பொட்டியோட டிரைவர். புதுசுல ரெய்ட் கார்டே வேற. சாமானெல்லாம் வந்து இறங்கிடுச்சு, புது வீட்டுச் சாவிதான் இல்லை.

"தம்பி, 7-ஆம் தேதி சம்பளம்பா. பாதிப் பேர் வீட்ல படுக்கப் பாய்கூட இல்ல"ன்னார் முதலாளி. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

கடைசியில விண்டோஸ் டிவிடி போட்டு பூட் பண்ணி, டிஐஎஸ்எம் கமாண்ட்ல ரெய்ட் டிரைவரை உள்ள ஏத்தினதும் எழுந்துச்சு. பழைய நெட்வொர்க் கார்டுல இருந்த ஐபி புதுசுக்கு வரலை, அதைத் திரும்பக் குடுத்தேன். அப்புறம் பாத்தா, சம்பள சாஃப்ட்வேரோட லைசன்ஸ் டாங்கிள் பழைய பொட்டியிலயே சொருகியபடி தண்ணிக்குள்ள! அது தீர 9-ஆம் தேதி ராத்திரி ஆச்சு. அதுக்குள்ள அவர் ஒரு நோட்டுல பேரெழுதி ஆளுக்கு மூவாயிரம் கையில குடுத்துட்டார்.

தப்பு சாஃப்ட்வேர் மேல இல்லை. ஒரு தடவைகூட வேற பொட்டியில ஏத்திப் பாக்காத என் மேலதான். என் கட்சி இதுதான்: வேற பொட்டியில எழுப்பிப் பாக்காத பேக்கப், பேக்கப்பே இல்லை.

லினக்ஸ் ஆளுங்க சிரிக்காதீங்க. இனிட்ராம்எஃப்எஸ்ல புது கன்ட்ரோலர் டிரைவர் இல்லைன்னா உங்களுக்கும் இதே கதிதான். "கிளவுட்ல போட்டா தீந்துச்சு"ங்கிறவங்களுக்கும் ஒண்ணு: வர்ச்சுவல் மெஷினும் உங்க இமேஜுக்கு வேற பொட்டிதான். விர்ட்ஐஓ டிரைவர் இல்லாத விண்டோஸை கேவிஎம்ல ஏத்திப் பாருங்க, அதே 7பி வந்து நிக்கும்.

பெரிய இடத்துலயும் சோதிக்காத பேக்கப் காலை வாரியிருக்கு. 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப்ல தவறான சர்வர்ல டேட்டாவை அழிச்சுட்டாங்க. நம்பியிருந்த டேட்டாபேஸ் பேக்கப், வெர்ஷன் பொருந்தாம ஃபெயில் ஆகிட்டே இருந்தது அப்பத்தான் தெரிஞ்சுது. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு.

இப்ப நான் செய்யறது மூணு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ஓரமாக் கிடக்கிற ஏதாவது ஒரு பொட்டியில ரீஸ்டோர் பண்ணி, ஒரு சம்பளப் பட்டியலை பிரிண்ட் எடுத்துப் பாக்கறது. இமேஜை மட்டும் நம்பாம டேட்டாவைத் தனியா எடுத்து வெக்கறது. டிரைவர், லைசன்ஸ், பாஸ்வேர்ட் விவரத்தை பேக்கப் டிஸ்க்கோட சேத்து வேற கட்டடத்துல பூட்டி வெக்கறது.

"இதுக்கெல்லாம் நேரம் எங்கப்பா"ன்னார் நண்பர். எனக்கும் அப்ப நேரம் இல்லைதான்.

நீங்க கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணிப் பாத்தீங்க? உண்மையைச் சொல்லுங்க மக்களே.