வட்டு காலி, டேபிள் ஃபுல்

டேட்டாபேஸ் டேபிள் நிரம்புவதென்றால் வட்டில் இடம் தீர்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இடம் தாராளமாகக் கிடக்கும்போதே டேபிள் முட்டிக்கொண்டு நிற்கும். 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் நிறுவனத்துக்கு நடந்தது அதுதான். நிகழ்வுகளைப் பதியும் டேபிளின் ஐடி எண் 2,147,483,647-ஐத் தொட்டது. குறியுடைய (signed) 32 பிட் முழு எண்ணுக்கு அதுவே உச்சம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்கள் பழையதைப் படிக்கலாம், புதிதாக ஒரு வரி சேர்க்க முடியாது. அவர்களிடமே பிறந்த ரெயில்ஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க் 2017-லேயே ஐடி எண்ணை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது என்பதுதான் வேடிக்கை. ஆனால் அது புது டேபிள்களுக்கு மட்டும். பழசை நாமேதான் மாற்றவேண்டும். வட்டு 80 சதவீதம் நிறைந்தால் அலறுகிற எச்சரிக்கையை ஐடி எண்ணுக்கும் வைக்க என்ன தயக்கமோ! பெரிய டேபிளில் 64 பிட்டுக்கு மாறுவது கோடிக்கணக்கான வரிகளைத் திரும்ப எழுதவைக்கும். பாதி எண் தீரும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.