510 பைட்டில் அடங்காத தமிழ்

திருமுக்கூடல் என்று ஒருமுறை தட்டச்சு செய்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது ஏழு எழுத்து: தி, ரு, மு, க், கூ, ட, ல். கணினியைக் கேட்டால் 13 என்று சொல்லும். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் யூனிகோடு தனித்தனிக் குறியாக எண்ணுவதால் வருகிற கணக்கு அது. அதையே யூடிஎஃப்-8 முறையில் இணையத்தில் அனுப்பினால் 39 பைட். இதே ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் 13 எழுத்து, 13 பைட். சரக்கு ஒன்றுதான், வண்டி வாடகை மட்டும் மூன்று மடங்கு!

இந்த வாடகை விஷயம் பெரும்பாலான இடங்களில் யாருக்கும் தெரிவதில்லை. ஐஆர்சி அரட்டையில் மட்டும் பளிச்சென்று தெரிந்துவிடும். அதிலும் அங்கே வேலை பார்க்கும் பாட் நிரல்களில் (பாட்டு என்று படித்துவிடாதீர்கள் :-) ) தமிழ் படும் பாடு தனிக்கதை.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஐஆர்சி 1988ல் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் எழுதியது. 1993ல் ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணத்தில் அதன் விதிகள் வந்தன. ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸப்புக்கும் பல வருடம் மூத்தது. இன்றும் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் ஆட்கள் அதை விடவில்லை. 2021ல் ஃப்ரீநோடை நடத்திக்கொண்டிருந்த தன்னார்வலர்கள் வெளியேறி லிபெரா சாட் தொடங்கியபோது, ஏராளமான திட்டங்கள் மூட்டை முடிச்சோடு பின்னாலேயே போயின. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் கட்டற்ற மென்பொருள் பேசுகிறவர்கள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒரு குழு தன் அறைக்குள் தமிழில் பதில் சொல்லும் பாட் ஒன்றை வைக்க நினைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி.

ஐஆர்சி செய்தி என்பது ஒரே ஒரு வரி. முன்னால் அனுப்புகிறவரின் விலாசம், பிறகு கட்டளை, பிறகு விவரங்கள், கடைசியில் ஒரு முக்காற்புள்ளி போட்டு அதற்குப் பின்னால் பேச்சு. வரி முடிந்ததைக் காட்ட இரண்டு பைட். மொத்தம் 512 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. முடிவுக் குறி இரண்டைக் கழித்தால் 510. இதில் அனுப்புகிறவர் விலாசம், கட்டளை, அறையின் பெயர் எல்லாம் சேர்த்தி. அவற்றுக்குச் சுமார் 100 பைட் போனால் பேசுவதற்கு மிச்சம் 410. அதற்குள் திருமுக்கூடல் என்று இடைவெளி விட்டு 10 முறை எழுதலாம். ஆங்கில எழுத்தில் என்றால் 29 முறை.

பாட் எழுதுகிற பலர் செய்கிற முதல் தவறு இங்கே ஒளிந்திருக்கிறது. பேச்சுக்கு 510 பைட்டும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வது. அனுப்பும்போது பாட் தன் விலாசத்தை எழுதுவதில்லை, சர்வர்தான் மற்றவர்களுக்கு விநியோகிக்கும்போது சேர்க்கிறது. அந்த நேரத்தில் வரி நீண்டுவிட்டால் கடைசிப் பகுதி வெட்டப்பட்டுவிடும். அனுப்பின பாட் நிரலுக்கு இது தெரியவே தெரியாது. ஆங்கிலத்தில் 400 எழுத்துக்கு மேல் யாரும் ஒரே மூச்சில் பேசுவதில்லை என்பதால் இந்தத் தவறு வருடக்கணக்கில் தூங்கும். தமிழில் 136 குறி தாண்டினாலே விழித்துக்கொள்ளும். இரண்டு நடுத்தர வாக்கியம், அவ்வளவுதான்.

எப்படி வெட்டப்படுகிறது என்பது அடுத்த வேடிக்கை. தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். வெட்டு மூன்றின் நடுவில் விழுந்தால் அது எழுத்தே இல்லை, திரையில் கட்டமோ கேள்விக்குறியோ வரும். சரி, குறி உடையாமல் வெட்டினால் போதுமா? போதாது. 'பல்' என்ற சொல்லின் கடைசிப் புள்ளிக்கு முன்னால் வெட்டினால் 'பல' ஆகிவிடும். பல் வலிக்கும் பல வலிக்கும் எவ்வளவு தூரம்! 'கொடு' என்பதில் 'கொ'வை இரண்டு துண்டாக, முன்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக, சேமித்திருந்தால் வெட்டுக்கு முன்னால் 'கெ' நிற்கும். அடுத்த வரி ஒரு புள்ளி வட்டத்தின் மேல் சாய்ந்த துணைக்காலோடு ஆரம்பிக்கும். கொடு கெடுவாகிற மந்திரம் இதுதான்.

ஆகவே பாட் தானாகவே இடைவெளி பார்த்து வரியை உடைக்க வேண்டும். பைட்டை எண்ணி, சொல் எல்லையில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த செய்தியாக அனுப்ப வேண்டும். ஒரே சொல் இடத்தை மீறினால் மட்டும் எழுத்து எல்லை பார்க்கலாம். இதற்கு இருபது வரி நிரல் போதும். ஆனாலும் இணையத்தில் கிடைக்கிற மாதிரி நிரல்களில் பெரும்பாலும் இது இருக்காது. எழுதினவர்களுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவே.

வாங்கும் பக்கத்திலும் இதே கூத்து. பைத்தானில் பாட் எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் அடிக்கடி பார்க்கலாம்: சாக்கெட்டிலிருந்து 2048 பைட் வாங்கு, உடனே எழுத்தாக மாற்று, பிறகு வரிவரியாகப் பிரி. ஆங்கிலத்தில் இது ஓடும். சாக்கெட் என்பது குழாய்த் தண்ணீர். ஒரு குடம் நிறைகிற இடத்தில் வாக்கியம் முடியும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. 'க' என்ற எழுத்தின் மூன்று பைட்டில் இரண்டு இந்தக் குடத்திலும் ஒன்று அடுத்த குடத்திலும் விழலாம். அந்த நிமிடம் பைத்தான் 3 பிழை சொல்லி நிற்கும், பாட் செத்துப்போகும். அறையில் இருப்பவர்கள் "தமிழ்ல பேசினா பாட் போயிடுது, இங்கிலீஷ்லயே அடிங்கப்பா" என்பார்கள். தமிழ் மேல் பழி. உண்மையில் வரிசை மாறியதுதான் குற்றம். முதலில் பைட்டுகளைச் சேர்த்துவை, வரிமுடிவு வந்ததும் அந்த வரியைத் தனியே எடு, அதற்குப் பிறகே எழுத்தாக்கு. இந்த மூன்றும் இந்த வரிசையில் நடந்தால் எந்த எழுத்தும் உடையாது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஒரு விதி முதல் வருடத்திலேயே மண்டையில் ஏற்றப்படும். வவுச்சரைத் திருத்தக்கூடாது. நாட்குறிப்பில் எழுதலாம், பேரேட்டில் பிரிக்கலாம், தவறு என்றால் திருத்தப் பதிவு போடலாம். ஆனால் மூல வவுச்சர் மூல வவுச்சராகவே கோப்பில் இருக்க வேண்டும். தணிக்கையாளர் வந்து கேட்கும்போது அதுதான் சாட்சி. அரட்டைச் செய்தியை பாட் நிரலுக்குள் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல முறை வேறில்லை. வந்த பைட்டுகள் அப்படியே ஒரு புறம். அதிலிருந்து பிரித்தெடுத்த அனுப்புநர், கட்டளை, அறை, பேச்சு இன்னொரு புறம். தேடுவதற்காகச் சீராக்கிய வடிவம் மூன்றாவது. ஒன்றை மாற்றினால் மற்றது மாறக்கூடாது.

இது புதுசா என்ன? திருமுக்கூடலுக்கே போகலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை, வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்லூரி, மாணவர் விடுதி, வைத்தியருக்கும் செவிலியருக்கும் நாவிதருக்கும் இவ்வளவு நெல் இவ்வளவு காசு என்று வரவுசெலவுக் கணக்கு, கையிருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் வரை அதில் உண்டு. சோழர் காலக் கல்வெட்டில் சொல்லுக்கு நடுவில் வரி முடியும், அடுத்த வரியில் தொடரும். புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரமா ஏகாரமா என்பதைப் படிக்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கல்வெட்டு 'எபிகிராஃபியா இண்டிகா'வில் வெளியானது. அந்தத் தொகுதிகளின் முறை என்ன? கல்லில் உள்ளபடியே வரி எண்ணோடு மூலம். "இப்படிப் படிக்க" என்கிற திருத்தங்கள் அடிக்குறிப்பில். பொருள் தனியாக. படிப்பவர் தன் திருத்தத்தை மூலத்துக்குள் நுழைத்துவிட்டால் அடுத்த ஆய்வாளருக்கு எதுவும் மிஞ்சாது. உளி பிடித்த காலத்துக்குப் பொருந்திய ஒழுங்கு கீபோர்டு காலத்துக்குப் பொருந்தாதா?

சீராக்கிய வடிவம் எதற்கு என்று கேட்கலாம். அதே 'கொ'தான் காரணம். யூனிகோடில் 'கொ'வை இரண்டு குறியாகவும் எழுதலாம், மூன்று குறியாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றேதான். ஒருவர் கீபோர்டு ஒருவிதம் அடிக்கும், இன்னொருவருடையது வேறுவிதம். பாட் நிரலிடம் "!தொகு" என்று கட்டளை கொடுத்தால் ஒருவருக்கு வேலை செய்யும், இன்னொருவருக்கு மௌனம் சாதிக்கும். இரண்டையும் சமமாக்கும் விதியை யூனிகோடே வகுத்து வைத்திருக்கிறது, பைத்தானில் ஒரு வரி வேலை. பழைய டிஸ்கி எழுத்துரு காலத்தில் சிக்கல் இன்னும் மோசம். அங்கே கொம்பு மெய்க்கு முன்னாலேயே சேமிக்கப்படும், கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி. டிஸ்கியில் வந்த செய்தியை யூனிகோடாக நினைத்துப் படித்தால் குப்பைதான். ஐஆர்சி விதியோ எந்த எழுத்து முறை என்பதைச் சொல்லவே இல்லை. எட்டு பிட் எதுவானாலும் சரி என்று விட்டுவிட்டது.

ஆனால் ஒரு மொழிக்கு மட்டும் சத்தமில்லாமல் சலுகை கொடுத்தது! ஆர்எஃப்சி 1459ஐப் புரட்டினால் விசித்திரமான ஒரு விதி தென்படும். சதுர அடைப்புக்குறியின் சின்ன எழுத்து, நெளி அடைப்புக்குறியாம். காரணத்தையும் ஆவணமே சொல்கிறது: ஐஆர்சியின் ஸ்காண்டிநேவிய மூலம். அந்தக் காலத்தில் ஃபின்லாந்துக் கணினிகளில் அந்த இடங்களில் புள்ளி வைத்த ஆ, ஓ போன்ற அவர்களுடைய எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. தன் பயனர் பெயரைத் தன் மொழியில் எழுத அந்த மாணவர்களுக்கு வழி வேண்டியிருந்தது, செய்துகொண்டார்கள். அதில் தப்பே இல்லை. இன்றைக்கும் பல பாட் நிரல்கள் அந்த விதியைப் பயபக்தியோடு பின்பற்றுகின்றன. ஒரு பல்கலைக்கழகத்தின் உள்ளூர் வசதி உலக விதியாக முப்பது வருடத்துக்கு மேல் நிற்கலாம் என்றால், வாயைத் திறந்தாலே மூன்று மடங்கு செலவாகிற மொழிகளுக்காக 512 என்ற எண்ணைத் தொடக்கூடாதா? ஐஆர்சிவி3 குழு செய்திக் குறிச்சொற்களுக்கென்று 8191 பைட் தனியே ஒதுக்கியிருக்கிறது. பேச்சுக்கு மட்டும் பழைய 512 அப்படியே.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. குற்றம் யூனிகோடில், தமிழுக்கு இடம் ஒதுக்கினபோதே தவறு நடந்துவிட்டது, டேஸ்16 போல உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி கொடுத்தால் தீர்ந்தது என்பார்கள். 2010ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்16ஐயும் ஏற்றது. கணக்குப் போட்டால் லாபம் இருக்கிறது: திருமுக்கூடல் 39 பைட்டிலிருந்து 21 ஆகும். டிஸ்கியில் வெறும் எட்டுதான். ஆனால் எட்டு பைட்டில் அனுப்பி எதிராளி படிக்க முடியாமல் போனால் மிச்சம் பிடித்ததால் என்ன பயன்? டேஸ்16 உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில், மற்றவர் கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. எழுத்தைச் சுருக்குவதைவிடப் பெட்டியைப் பெரிதாக்குவதே நியாயம். எஸ்எம்எஸ்ஸில் நடந்தது நினைவிருக்கும். ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70. காசு கொடுத்து அனுப்பிய காலத்தில் தங்கிலீஷ் வளர்ந்ததற்கு சோம்பேறித்தனத்தை மட்டும் காரணம் காட்டுவது சரியில்லை, கட்டணமும் ஒரு காரணம். இன்றும் டெலிகிராம் பாட் எழுதுகிறவர்கள் பொத்தானுக்குப் பின்னால் வைக்கும் தகவலுக்கு 64 பைட் எல்லை என்பதை ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். தமிழில் 21 குறி.

பயனர் பெயர் விஷயமும் உண்டு. பழைய விதிப்படி அறைக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஆளுக்கு வைக்க முடியாது. வீட்டு வாசலில் தமிழ்ப் பலகை, உள்ளே இருப்பவருக்கு ஆங்கிலப் பெயர் :-)

இன்னொன்று, அரட்டையைப் பதிவு செய்கிற பாட் பற்றி. புரியாத பைட் வந்தால் கேள்விக்குறி போட்டுச் சேமி என்ற அமைப்பு மிகவும் வசதியானது, பிழையே வராது. அப்படிச் சேமித்த பதிவிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க எந்த வழியும் கிடையாது. லத்தீன்-1 என்று தவறாக நினைத்துச் சேமித்த குப்பையைக்கூட மீட்டுவிடலாம், ஏனென்றால் அதில் 256 பைட்டுக்கும் ஒவ்வொரு குறி இருக்கிறது, எதுவும் தொலைவதில்லை. கேள்விக்குறி அப்படியல்ல, 'க'வும் 'ற'வும் அதற்கு ஒன்றுதான். வட்டில் இடம் மலிவாகக் கிடைக்கிற இந்தக் காலத்தில் வந்த பைட்டுகளை அப்படியே ஒரு கோப்பில் போட்டுவைக்க ஆகிற செலவு ஒன்றுமில்லை. பாட் எழுத உட்காருகிறவர்கள் முதல் நாளே அந்தக் கோப்பைத் திறந்துவிட்டு, பிறகு மற்ற வேலைகளுக்குப் போகலாம்.