ஒரே எண், மூன்று நாட்டு விமானங்கள்: ஆகாயப் படையின் பழைய சிக்கல் தீருமா?

2021 மே 31-ஆம் தேதி சீன ஆகாயப் படையின் 16 விமானங்கள் சரவாக் கடலோரத்திலிருந்து சுமார் 60 கடல் மைல் வரை நெருங்கி வந்தன. எல்லாம் பெரிய சரக்கு விமானங்கள். அவற்றை நேரில் அடையாளம் காண லாபுவான் தளத்திலிருந்து பறந்தவை ஹாக் 208 போர் விமானங்கள். 1990-களின் நடுவில் பிரிட்டனிலிருந்து வாங்கப்பட்ட, உருவில் சிறிய, வேகத்திலும் குறைந்த ரகம் அது.

லாபுவானில் ஹாக் விமானங்களைப் பறக்கவிடுவது ஆறாம் எண் ஸ்குவாட்ரன். ஆகாயப் படையில் ஸ்குவாட்ரன் என்பது ஒரு குடும்பம் மாதிரி. விமானிகள், தொழில்நுட்பர்கள், ஆயுதப் பணியாளர்கள் என்று எல்லாரும் ஓர் எண்ணின் கீழ் இருப்பார்கள். விமானம் பழையதாகி வெளியேறும். எண் பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

இதே ஆறாம் எண் 1960-களின் பிற்பகுதியில் குவாந்தானில் கனடா நாட்டு 'தெபுவான்' விமானங்களை வைத்திருந்தது. தெபுவான் என்றால் மலாயில் குளவி. 1980-களில் அதே எண்ணுக்கு அமெரிக்காவின் ஸ்கைஹாக் வந்தது. மலேசியா 88 பழைய ஸ்கைஹாக் விமானங்களை வாங்கியது. புதுப்பிக்கப்பட்டுச் சேவைக்கு வந்தவை 40 மட்டுமே. பத்தாண்டு கடப்பதற்குள் அவற்றின் இடத்துக்கு ஹாக் வந்துவிட்டது. ஆக ஒரே ஸ்குவாட்ரன் மூன்று நாட்டு விமானங்களைப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தொழில்நுட்பர்கள் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

1958 ஜூன் 2-ஆம் தேதி தொடங்கப்பட்டபோது இந்தப் படை மிகச் சிறியது. முதலில் வந்தது ட்வின் பயனியர் என்னும் சிறு போக்குவரத்து விமானம். பட்டர்வொர்த் தளமே 1988 வரை ஆஸ்திரேலியர்களின் பொறுப்பில்தான் இருந்தது. கிடைத்ததை வாங்கி வளர்ந்த படை அது என்பதால், தொடக்க காலத்துக் கலவையைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி எழுவது 1990-களில் எடுத்த முடிவுகள் பற்றித்தான். 1995-இல் ரஷ்யாவின் மிக்-29 விமானங்கள் 18, குவாந்தானுக்கு வந்தன. இரண்டே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்னெட் 8, பட்டர்வொர்த்தில் 18-ஆம் எண் ஸ்குவாட்ரனுக்கு வந்தன. பிறகு 18 சுகோய் சு-30எம்கேஎம். இன்று அவை கோங் கெடாக் தளத்தில் உள்ளன. மிக் வந்தபோதும் சுகோய் வந்தபோதும் மலேசிய வீரர்களுக்குப் பயிற்சி தந்தது இந்திய விமானப் படை. மலேசியாவின் சுகோய், இந்தியாவுக்காக உருவான ரகத்தின் நெருங்கிய உறவு என்பதால் அது இயல்பாகவே அமைந்தது.

எந்த ஒரு நாட்டையும் முழுக்கச் சார்ந்திருக்கக் கூடாது என்பது அன்றைய நியாயம். அரசியலில் அது எடுபடும். பட்டறையில் எடுபடாது. ஒரு ரகத்தின் உதிரிப் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒன்றில் தேர்ந்தவர் அப்படியே அடுத்த தளத்துக்குப் போய்க் கைகொடுக்க முடியாது. 2018-இல் அன்றைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு, 28 ரஷ்யப் போர் விமானங்களில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு சுகோய் விமானங்கள் ஒவ்வொன்றாகச் சீரமைக்கப்பட்டன. ஆனால் 2022-இல் உக்ரேன் போர் தொடங்கி, ரஷ்யா மீது தடைகள் விழுந்ததும் பாகங்களைத் தேடும் வேலை மறுபடியும் கடினமானது.

ஹார்னெட் பக்கத்திலும் நிலைமை இறுகியே இருக்கிறது. 2025 ஆகஸ்டு 21-ஆம் தேதி இரவு குவாந்தானில் மேலெழும்போது ஒன்று விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினர். எட்டாக இருந்தது ஏழாயிற்று. குவைத்தின் பழைய ஹார்னெட்டுகளை வாங்கும் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டதே தவிர, விமானம் வந்து சேரவில்லை.

இந்த நிலையில்தான் தென் கொரியாவின் எஃப்ஏ-50எம் முக்கியமாகிறது. 2023 மே மாதம் லங்காவி லீமா கண்காட்சியில் 18 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 400 கோடி ரிங்கிட். ஒப்பந்தப்படி விநியோகம் 2026-இல் தொடங்க வேண்டும். அதில் பொருத்தப்படுவது எஃப்404 இயந்திரம். ஹார்னெட்டில் இருப்பதும் அதே குடும்பம். பட்டர்வொர்த் தொழில்நுட்பர்களுக்கு முற்றிலும் புதிய இயந்திரம் அல்ல.

2055 வரையிலான ஆகாயப் படைத் திட்டம் போர் விமான ரகங்களை இரண்டாகக் குறைக்கச் சொல்கிறது. ஆனால் குறைவதற்கு முன் கூடப்போகிறது: ஹாக், ஹார்னெட், சுகோய், இப்போது எஃப்ஏ-50. ஹாக் விமானங்கள் ஓய்வு பெறும் வரை நான்கு ரகத்துக்கும் தனித்தனியாக உதிரிப் பாகம் வாங்கியாக வேண்டும். அந்தச் செலவுக்கு ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் பணம் ஒதுக்கப்படுகிறதா என்பதைத்தான் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். புது விமானம் வந்திறங்கும் நாளில் படம் எடுக்கக் கூட்டம் கூடும். உதிரிப் பாகக் கிடங்கை யாரும் படம் எடுப்பதில்லை.