திருமலையின் சுவர்கள் எவருக்கு உரியன?

திருக்கோணேசுவரத்தை வழிபடச் செல்லும் அடியார் எவரும் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லல் வேண்டும். அவ்வாயிற் கல்லிலே இரு கயல்களும் சிதைந்த சில தமிழ் வரிகளும் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டிலே கோயிலை இடித்த போர்த்துக்கீசர், அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினர். கோயிற் கல் கோட்டைக் கல்லாயிற்று. எழுத்து மட்டும் எழுத்தாகவே நின்றது. போவோர் வருவோர் கண்ணிற் படும்படி பொதுவழியில் நிற்கும் எழுத்தும் உருவுமே வீதிக் கலை என்றால், இத்துறைமுகப் பட்டினத்தின் பழைமையான வீதிக் கலை அதுவேயாகும்.

இதனை நாம் இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. தூரிகையும் வர்ணமும் கொண்டு மதில்களை நாடும் இளைஞரையும், எழுத்துப் பொறித்த ரீசேர்ட்டை அணிந்து கடற்கரையில் உலாவும் இளைஞரையும், கைத்தொலைபேசியால் கண்டதையெல்லாம் படம் பிடிக்கும் இளைஞரையும் நம் பெரியோர் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர்: வேலையற்றவர் விளையாட்டு! கற்றறிந்த உத்தியோகத்தர் வீட்டுத் திண்ணையிலும் இதுவே பேச்சு. தம்பலகாமத்து வயல் வரம்பிலும் இதுவே பேச்சு. “சுவரில் கீறினால் நெல் விளையுமா?” என்று கேட்கும் விவசாயியின் கேள்வி நியாயமானதே. ஆயினும் திருமலையில் வாழ்பவர் அக்கேள்வியை இலேசாகக் கேட்டுவிட முடியாது. சுவரும் துணியும் படமும் இவ்வூரில் உயிர்களை விலையாகக் கேட்டிருக்கின்றன.

1957 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். சுதந்திர தினத்திலே கறுப்புக் கொடி ஏற்ற முனைந்த நடராசன் என்னும் இளைஞர் இந்நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏந்தியது ஒரு முழத் துணி. அடுத்த ஆண்டிலே, வடக்கிற்கும் கிழக்கிற்கும் வந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களின் எண் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ இருந்தமையால், தமிழ்த் தொண்டர்கள் அதனை அழித்துத் தமிழ் எழுத்தைத் தீட்டினர். தென்னிலங்கையிலோ தார்ச் சட்டியும் தூரிகையுமாகப் புறப்பட்டவர்கள் தமிழ்ப் பெயர்ப் பலகைகளைக் கறுப்பாக்கினர். அவ்வாண்டு மே மாதத்தில் தாரின் இடத்தைத் தீ பிடித்துக்கொண்டது. ஓர் எழுத்தை எழுதுவதும் அழிப்பதும் வெறும் அலங்காரமல்ல என்பதை நம் தலைமுறைக்கு அந்த ஆண்டு கற்பித்தது. நியூயோர்க் நகரத்து இளைஞர் சுரங்கப் புகையிரதங்களில் தம் பெயரைத் தீட்டி உலகப் புகழ் பெற்றது 1970 களிலேதான்!

பின்னர் 2019 ஆம் ஆண்டு வந்தது. நவம்பரில் சனாதிபதித் தேர்தல் முடிந்ததும், நாடெங்கும் இளைஞர் கூட்டங்கூட்டமாகச் சுவர்களைத் தீட்டினர். சினிமாச் சுவரொட்டிகளாலும் தேர்தற் சுவரொட்டிகளாலும் அலங்கோலமாய்க் கிடந்த மதில்கள் துப்புரவாயின. கூலி வாங்காமல் வெயிலில் நின்று உழைத்த அவ்விளைஞரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் தீட்டப்பட்டவை யாவை? பண்டை அரசர், குளக்கட்டு, மானும் மயிலும், பல இடங்களிலே துப்பாக்கி ஏந்திய படைவீரர். தன் மகனைத் தேடி ஆண்டுக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்கு எதிரே நிற்கும் மதிலில் படைவீரரின் உருவம் எழுமாயின், அது அவளோடு என்ன பேசும்? வர்ணம் பூசிய கை கள்ளமற்றதாக இருக்கலாம். எனினும் சுவர் பேசத்தான் செய்யும்.

சென்னை மாநகரின் கண்ணகி நகரைப் பாருங்கள். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடிசை மக்களும் ஆழிப்பேரலையால் வீடிழந்தோரும் குடியமர்த்தப்பட்ட இடம் அது. 2020 ஆம் ஆண்டளவில் அங்கு மாடிக் குடியிருப்புகளின் சுவர் முழுவதும் பெரும் ஓவியங்கள் எழுந்தன. படமெடுப்போர் தேடிச் சென்றனர். ஊரின் கெட்ட பெயர் சிறிது நீங்கிற்று என்பதும் மெய்யே. ஆனால் வர்ணம் வந்த காரணத்தால் குடிநீர் வந்துவிடாது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொண்டே சுவர்க் கலையை நாம் ஆதரிக்கிறோம்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் களிசான் என்று சொல்லும் சொல்லே போர்த்துக்கீசர் விட்டுச் சென்றது. சாரம் மலாய் நாட்டுத் தொடர்பால் வந்தது. பிரித்தானியக் கடற்படை 1957 இல் இத்துறையை விட்டகலும்வரை, கப்பற்காரரின் நடையுடை பாவனைகளையும் நம் வீதிகள் கண்டிருந்தன. துறைமுகத்தில் வாழ்பவன் கப்பலில் வந்ததை உடுத்துவான், அதிலே குற்றமில்லை. இன்றைய வீதியுடுப்பு மோகமும் 1980 களில் கலிபோர்னியக் கடற்கரையில், அலைச்சறுக்குவோர் மத்தியிலிருந்து கிளம்பியதுதான். நம் வருத்தம் வேறு. உலகின் பெரிய வணிகப் பெயர்களுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுக்கும் நாடு இலங்கை. நம் பெண்மக்கள் இரவு பகலாகத் தைத்த துணி அந்நியப் பெயரைத் தாங்கிக் கப்பலேறுகிறது. அதே பெயரின் போலியை நம் பிள்ளை சந்தையில் வாங்கி மார்பில் அணிகிறான். 2020 செப்தெம்பரில் தமிழ்நாட்டு இளைஞர், தமக்கு இந்தி தெரியாது என்பதைத் தமிழெழுத்திலே சட்டையிற் பொறித்து அணிந்தபோது, திருப்பூரின் பின்னலாடைக் கூடங்கள் அச்சட்டைகளை அச்சிட்டுத் தள்ளின. அந்தத் துடுக்கு நமக்குப் பிடிக்கிறது. சீனன்குடா என்றோ மூதூர் என்றோ கிண்ணியா என்றோ தமிழில் பொறித்த ஒரு சட்டையை, அழகாக எழுதத் தெரிந்த நம்மூர்ப் பிள்ளையொருவன் வரைந்து விற்பானாயின் நாமே முதலில் வாங்குவோம். (உடல் பருத்தவருக்கும் பொருந்தும் அளவில் வெட்டுதல் வேண்டும்!)

இனி, நம் நெஞ்சை உறுத்தும் விடயத்துக்கு வருவோம்.

2006 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள் மாலை. திருமலைக் கடற்கரையிலே, காந்தி சிலைக்கு அருகே, ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்து அவர்களைக் கொன்றதென்று முதலில் அறிவிக்கப்பட்டது. ஊர் நம்பவில்லை. ஊர் நம்பாமையால் ஆவதென்ன? அறிக்கை அறிக்கையாகவே இருந்திருக்கும். ஆனால் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்னும் ‘சுடர் ஒளி’ச் செய்தியாளர் ஒரு கமராவோடு சென்று அவ்வுடல்களைப் படம் பிடித்தார். தலையிலே துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் பத்திரிகையில் வெளிவந்தன. கைக்குண்டுக் கதை அன்றோடு குப்புற விழுந்தது.

அதே மாதம் 24 ஆம் நாள் காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் திருமலை வீதியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். படம் வெளிவந்து மூன்று வாரம் முற்றாக முடியவில்லை.

மாணவர் கொலை வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும், போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றினால் விடுவிக்கப்பட்டனர். சாட்சி சொல்ல வேண்டியவர் சிலர் அச்சத்தால் நாட்டை விட்டே வெளியேறியிருந்தனர். ஆக, எஞ்சி நிற்கும் சாட்சி அந்தப் படங்களே. அவை நாட்டை விட்டு ஓடவில்லை; சொன்னதை மாற்றிச் சொல்லவுமில்லை. கலைநுட்பம், ஒளியமைப்பு என்றெல்லாம் அவற்றைப் பற்றி எவரும் பேசார். எனினும் இத்துறைமுக நகரில் எடுக்கப்பட்ட வீதிப் படங்களுள் தலையாயவை எவை என்று நம்மைக் கேட்டால், தயங்காமல் அவற்றையே சொல்வோம்.

இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவதும் இதிலிருந்தே பிறக்கிறது. சூரியோதயத்தைப் படம் பிடியுங்கள், கோட்டைப் புள்ளிமானைப் பிடியுங்கள், எவர் தடுத்தார்? ஆனால் அம்மான் நிற்கும் வீதியில் மனிதரும் நிற்கின்றனர். மீன் ஏலம் கூறுபவனும், மாவாலைக்குச் செல்லும் தொழிலாளியும், காணிக் கச்சேரியின் படியில் உறுதிப் பத்திரத்தோடு காத்திருக்கும் கிழவியும் உங்கள் கமராவுக்கு அந்நியரா? உல்லாசப் பிரயாணிக்கு விற்பதற்காக எடுக்கும் படத்தில் இவர்கள் இல்லை. கடற்படைத் தளத்தைப் படமெடுக்கத் தடையுண்டு. நம் சொந்த வீதியைப் படமெடுக்க எந்தத் தடை?

விவசாயிகளுக்கும் இதிலே பங்குண்டு. சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, 2015 இலேதான் தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கினர். ஒன்பதாண்டு மூடிக்கிடந்த காணியிலே தன் வீட்டு அத்திவாரம் எங்கே, கிணறு எங்கே என்று காட்ட, முற்றத்தில் எடுத்த ஒரு பழைய கலியாணப் படம் போதுமானதாகும். 2025 இலே, சூரிய மின் திட்டத்துக்காகத் தம் வயல் நிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து முத்துநகர் விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். நிலமோ ஏட்டின்படி துறைமுக அதிகார சபையினுடையது. ஏடு ஒன்று சொல்ல, ஏர் வேறொன்று சொல்லும் நாட்டிலே, விதைப்பையும் அறுவடையையும் ஆண்டுதோறும் திகதியோடு படமெடுத்து வைப்பது நெல் விளைவிக்காவிடினும், நெல் விளைந்ததென்பதைச் சொல்லும். சுவரில் கீறினால் என்ன பயன் என்று கேட்டவருக்கு இதுவே நம் விடை.

உள்ளூராட்சி மன்றத்தாரை நாம் கேட்பது மிகச் சிறிது. பஸ் நிலையத்தை அண்டியும் உட்துறைமுக வீதியிலும் உள்ள பொது மதில்களுட் சிலவற்றைத் தமிழ் பேசும் இளைஞருக்கு ஒதுக்கிக் கொடுங்கள். என்ன வரைவது என்பதை அலுவலகத்திலிருந்து கட்டளையிடாதீர்கள். அவ்வீதியில் குடியிருப்போரைக் கூட்டிக் கேளுங்கள். கிண்ணியா முஸ்லிம் பிள்ளையும் திருக்கடலூர்ப் பிள்ளையும் ஒரே சாரத்தில் ஏறி நின்று தீட்டட்டும். அச்சுவரில் தமிழெழுத்துப் பிழையில்லாமல் இருக்கும்படி ஆசிரியர் ஒருவர் பார்த்துக்கொள்வாராக. அரசாங்கப் பலகைகளில் நம் மொழி படும் பாடு போதும்!

ஜனவரி 24 ஆம் நாளிலே, சுகிர்தராஜன் நினைவாக மாவட்டத்தின் வீதிப் படங்களைத் திரட்டி ஒரு கண்காட்சி ஆண்டுதோறும் நடத்தப்படுதல் வேண்டும். கூடத்துக்கும் சட்டகத்துக்கும் ஆகும் செலவை வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் ஏற்றுக்கொள்ளலாம். அவர்களுக்கு அது பெரும் பாரமன்று. விவசாயப் பெருமக்கள் தம் பெட்டகத்திற் கிடக்கும் பழைய படங்களைக் கொணரலாம். ஊரையும் ஆண்டையும் படத்தில் நிற்போர் பெயரையும் பின்புறத்திலே பென்சிலால் எழுதிக் கொடுத்தல் நன்று. பேனாவின் மை முன்புறத்துக்கு ஊறிவிடும்.