ஆடு எத்தனை, புலி எத்தனை?

தாம்பரத்தில் இருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வழியெல்லாம் காலேஜ் பஸ்கள் தான். இந்தப் பக்கத்து பொறியியல் கல்லூரி விளம்பரங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டியிருக்கும். ஏ.ஐ., சைபர் செக்யூரிட்டி... அந்த வரிசையில் கேமிங் டெக்னாலஜியும் உண்டு. கேம் என்று பார்த்ததும் பையன் விழுந்து விடுகிறான். பி.டெக். என்று பார்த்ததும் அப்பா விழுந்து விடுகிறார். இருவரையும் ஒரே ஃபீஸ் ரசீதில் மடக்க இதைவிட நல்ல பெயர் கிடையாது!

உள்ளே போனால்? முதல் வருஷம் எல்லோருக்கும் உள்ள கணக்கு, இயற்பியல், வேதியியல். அப்புறம் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம். தப்பில்லை. வெக்டரும் மேட்ரிக்ஸும் தெரியாமல் கேமுக்குள் கேமராவைத் திருப்பக் கூட முடியாது. ஆனால் டிசைன் எங்கே? யூனிட்டியைத் திறந்து ஒரு பொம்மையைக் குதிக்க வைப்பது டிசைன் அல்ல.

ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக் கொள்ளுங்கள். புலி 3, ஆடு 15. புலி தாண்டினால் ஆடு காலி. புலி நகர முடியாமல் அடைத்து விட்டால் ஆட்டுக்கு ஜெயம். சரி, ஆட்டை 12 ஆகக் குறைத்தால் என்ன ஆகும்? 20 ஆக்கினால் புலிக்காரன் எப்போது சலித்துப் போவான்? மாற்றிப் பார்க்க வேண்டும், முன்பின் தெரியாதவர்களை ஆட விட்டு, வாயை மூடிக் கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும், எங்கே முழிக்கிறார்கள் என்று குறித்துக் கொண்டு மறுபடி மாற்ற வேண்டும். டிசைன் பாடம் என்பது இதுதான். சாக்பீஸும் புளியங்கொட்டையும் போதும். (ஏ.சி. லேப் ஃபீஸ் வாங்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.)

2023-ல் வந்த 'வெண்பா'வைப் பாருங்கள். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ் அம்மா, கிழிந்து போன ஒரு சமையல் குறிப்பு நோட்டு. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பது அதில் ஒரு புதிர். செய்தது டொரன்டோவின் விசை கேம்ஸ். 2024-ல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது வாங்கியது. இட்லித் தட்டு இல்லாத வீடு தாம்பரத்தில் உண்டா? அதில் ஒரு ஆட்டம் ஒளிந்திருப்பதைப் பார்க்கத்தான் இங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

"கேம் கம்பெனி எடுக்காவிட்டாலும் ஐ.டி. வேலை இருக்கே" என்பது பெற்றோர்களின் சமாதானம். நியாயம் தான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்து சட்டம் வந்ததும் பெரிய பெரிய கம்பெனிகளே ஆட்களைக் குறைத்தன. பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கடைசியில் ஐ.டி. வேலைக்குத்தான் என்றால் அதைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றே விற்கலாமே, வால் எதற்கு?

அட்மிஷனுக்குப் போகிறவர்கள் பிளேஸ்மென்ட் சதவீதத்தைக் கேட்பதற்கு முன் வேறொன்று கேட்கட்டும்: "சீனியர் பசங்க முடிச்ச கேம் எங்கே சார்? இப்பவே ஆடிப் பார்க்கலாமா?"