தகவல் கைமாறினால் போதாது

2024 மே 17, விடியற்காலை ஏறக்குறைய 2.45 மணி. ஜொகூர், உலு திராம் காவல் நிலையத்தில், ஈராண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவம் குறித்துப் புகார் கொடுக்க இரண்டு மாணவர்கள் வந்திருந்தனர். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த 21 வயது இளைஞர் ஒரு காவலரைப் பாராங்கத்தியால் வெட்டிக் கொன்றார். அவருடைய துப்பாக்கியைப் பறித்து இன்னொரு காவலரைச் சுட்டுக் கொன்றார். மூன்றாவது காவலர் காயத்தோடு திருப்பிச் சுட்டதில் தாக்கியவரும் மாண்டார். இறந்த காவலர்களின் வயது 22, 24. அதன் பிறகு நாடு முழுவதும் காவல் நிலையங்களின் பாதுகாப்பு பற்றி நிறையப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் குற்றவியல் நீதித் துறையில் வேலை செய்கிற நாம் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த இளைஞர் வளர்ந்த ஆண்டுகளில், எந்த இலாகாவின் மேசைக்கு என்ன தெரிய வந்திருக்க முடியும்? தெரிந்திருந்தால் அதை யார் கையில் எடுத்திருப்பார்கள்?

தாக்குதல் நடந்த சில மணி நேரத்திலேயே ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பின் பெயர் வெளியே வந்தது. மறுநாள் உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோன், இது தனி ஒருவரின் செயல், பெரிய அமைப்போடு தொடர்பில்லை என்றார். ஜூன் 19 அன்று தாக்கியவரின் குடும்பத்தினர் ஐவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது குற்றச்சாட்டுகள் ஐ.எஸ். எனப்படும் டாயிஷ் இயக்கத்தைச் சுற்றி இருந்தன. முதல் ஊகம் எங்கிருந்து வந்தது என்பது புரியாத புதிர் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் இதே உலு திராமில் எழுந்து 2002-இல் மூடப்பட்ட, ஜெமா இஸ்லாமியாவின் லுக்மானுல் ஹக்கீம் மதரசாவோடு தொடர்புடையவர்கள், 202 பேர் மாண்ட பாலி குண்டுவெடிப்பு வரை பேசப்பட்டவர்கள். கோப்பில் இருந்த பழைய பெயர் முதலில் நினைவுக்கு வந்தது. பழைய கோப்பு அந்த அமைப்பைக் கண்காணிக்கத்தான் கற்றுத் தந்திருந்தது. ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதைப் பார்க்க அதில் இடமே இல்லை.

அந்தக் குடும்பம் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் வாழ்ந்தது, பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக் கல்வி இல்லை என்று பின்னர் வெளிவந்த செய்திகள் சொல்லின. இது முக்கியம். 2003 முதல் மலேசியாவில் ஆரம்பக் கல்வி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கல்விச் சட்டத்தில் உண்டு. ஆகவே பள்ளிக்கு வராத பிள்ளை முதலில் கல்வி இலாகாவின் விஷயம், அடுத்து சமூக நல இலாகாவின் விஷயம். காவல் துறை மிகவும் பின்னால்தான் வருகிறது. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளில் பலர் வறுமையாலோ பத்திரச் சிக்கலாலோ போகாதவர்கள் என்பதும் உண்மை. அதனால்தான் அந்த அடையாளத்தைப் பார்க்கும் முதல் கை காவலருடையதாக இருக்கக் கூடாது. வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து, பிள்ளையைத் தனியே பேச வைத்து, என்ன குறை என்று கண்டு எழுதி வைக்கும் ஒருவர் வேண்டும். அவர் எழுதியதை வாசிக்கவும், வாசித்தபின் பதில் சொல்லவும் இன்னொருவர் வேண்டும். துறைகள் சேர்ந்து இயங்குவது என்றால் என் கணக்கில் இவ்வளவுதான். ஆனால் இந்த 'இவ்வளவுதான்' நம் நாட்டில் எவருடைய வேலைப் பட்டியலிலும் தெளிவாக எழுதப்படவில்லை.

தகவல் பரிமாற்றம் பெருகினால் போதும் என்ற வாதத்தை இலங்கையின் அனுபவம் முறியடிக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தகவல் இல்லாமல் நடந்ததல்ல அது. ஏப்ரல் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்து சேர்ந்திருந்தது. தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் போக்கு பற்றி அவருடைய ஊரான காத்தான்குடி மக்களே ஆண்டுக்கணக்கில் முறையிட்டிருந்தனர். காகிதங்கள் மேசைக்கு மேசை போயின. 'இது என் பொறுப்பு, இந்த நாளுக்குள் செய்கிறேன்' என்று சொன்னவர் யாருமில்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. காவல் துறைத் தலைவர், உளவுத்துறைத் தலைவர், பாதுகாப்புச் செயலர் ஆகியோரையும் தனித்தனியே பொறுப்பாளிகளாக்கியது. கூட்டுப் பொறுப்பு என்ற போர்வையை நீக்கி, ஒவ்வொருவரும் எதைச் செய்யாமல் விட்டார் என்று நீதிமன்றம் கேட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். பிரிட்டனிலும் இதே பாடம் உண்டு. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்ற இளைஞனைப் பற்றி அந்நாட்டின் தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்கு முன்னரே மூன்று முறை தகவல் போயிருந்தது. தெளிவான கொள்கைப் பிடிப்பு தெரியவில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் கோப்பு மூடப்பட்டது. மிக முன்கூட்டியே மூடிவிட்டார்கள் என்று 2025 பிப்ரவரியில் வெளியான பரிசீலனை சொன்னது. அங்கே தகவல் சரியான இடத்துக்கே வந்தது. எங்கள் வரையறைக்குள் வரவில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள், வேறு யாருடைய வரையறைக்குள் வருகிறது என்று உறுதி செய்துவிட்டு அனுப்பவில்லை.

எதிர்ப்புகள் உண்டு, அவற்றில் ஒன்று மிகக் கனமானது. ஆசிரியர், தாதி, சமூக நல அதிகாரி எல்லாரும் காவல் துறைக்குக் கண்ணும் காதும் ஆகிவிட்டால் மக்கள் யாரை நம்பி வாய் திறப்பார்கள்? மலேசியத் தமிழர்களுக்கு இது ஏட்டளவான அச்சம் அல்ல. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லி சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் 12 பேரைப் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டாமி தாமஸ் அந்த வழக்குகளைக் கைவிட்டார். இடைப்பட்ட மாதங்களை அந்தக் குடும்பங்களுக்கு யார் திருப்பித் தந்தார்கள்? எனவே துறைகளுக்கிடையே போகும் தகவலுக்கு எல்லை வேண்டும். நம்பிக்கையையும் வழிபாட்டையும் எழுதக் கூடாது. கண்ணால் கண்ட நடத்தையை மட்டும் எழுத வேண்டும். எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அது அழிய வேண்டும். தன்னைப் பற்றி எழுதியதை மறுக்க அந்த மனிதருக்கு வழி இருக்க வேண்டும். பொறுப்பாளர் யார் என்று தெரியாத தகவல், பிழையான ஆளைச் சிறையில் வைக்கிறது. அதே குறைதான் உண்மையான ஆபத்தையும் நழுவ விடுகிறது. உரிமைக்காகப் பேசுவோரும் பாதுகாப்புக்காகப் பேசுவோரும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கலாம்.

வேலைப்பளு என்பது அடுத்த எதிர்ப்பு. ஒரு சமூக நல அதிகாரியின் தலையில் இருக்கும் கோப்புகளைப் பார்த்தவர் அதை அலட்சியம் செய்ய மாட்டார். ஆனால் இப்போது பளுவைக் கூட்டுவது கூட்டங்கள்தான். இலாகாக்கள் ஒன்றுகூடி, தேநீர் குடித்து, ஒத்துழைப்பு தொடரும் என்று குறிப்பெழுதிக் கலையும் கூட்டங்களில் பாதியைக் குறைத்து, அந்த நேரத்தை ஒரு வீட்டைப் போய்ப் பார்க்கக் கொடுக்கலாம்.

2024 செப்டம்பர் 30 அன்று பிரதமர் தொடக்கி வைத்த வன்முறைத் தீவிரவாதத் தடுப்புத் தேசியச் செயல்திட்டம் அமலாக்கத்தோடு நிற்காமல் தடுப்பு, மறுவாழ்வு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. உலு திராமுக்குப் பிறகு வந்த இந்தத் திட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் அது புத்ராஜெயாவில் இருக்கிறது. பள்ளிக்கு வராத பிள்ளை மாவட்டத்தில் இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 130எம் பிரிவு, பயங்கரவாதம் பற்றித் தெரிந்தும் வேண்டுமென்றே சொல்லாத தனி மனிதரைத் தண்டிக்கிறது. தகவல் கிடைத்தும் பதில் சொல்லாத அலுவலகத்தைக் கேட்க அப்படி ஒரு விதி வேண்டும். அதற்குத் தண்டனைச் சட்டம் தேவையில்லை, மாவட்ட அளவிலான ஒரு பதிவேடு போதும்: தகவல் வந்த நாள், ஏற்ற அதிகாரி, பதில் தர வேண்டிய நாள், அனுப்பியவருக்குத் திரும்பிச் சொன்ன நாள். கடைசிப் பத்தி நிரப்பப்படாத எந்தக் கோப்பையும் மூட அனுமதிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காவல் துறையைச் சேராத ஒருவர் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இதை ஜொகூர் பாரு மாவட்டத்திலேயே தொடங்கலாம்.